வைரல் காய்ச்சல் வந்தா வழக்கமா போடுற மாத்திரையே ஓவர்டோஸ் ஆகுமா?

பூட்டு_ஊர்க்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க. அப்பாவுக்கு 67 வயசு, சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய்) இருக்கு, ரொம்ப வருஷமா மூச்சுக்குழாய விரிக்கற தியோஃபிலின் 300 எஸ்ஆர் (மெதுவா கரையற மாத்திரை) காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு போடுறாரு, கூட இன்ஹேலரும் உண்டு. இத்தன வருஷத்துல அந்த மாத்திரையால ஒரு தொந்தரவும் வந்ததில்ல. போன வாரம் ஊரெல்லாம் ஓடிட்டு இருக்கற அதே காய்ச்சல் இவருக்கும் வந்துச்சு, ஒடம்பு வலி, இருமல், 102, 103னு அடிச்சுது. ரெண்டு நாள் கழிச்சு பாத்தா வாந்தி நிக்கவே மாட்டேங்குது, டம்ளர கையில புடிச்சா தண்ணி தளும்புற அளவுக்கு நடுக்கம், நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்கறாரு, ராத்திரி பூரா தூக்கம் இல்லாம கட்டில்லயே எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துட்டு இருந்தாரு. காய்ச்சலோட வேகம்னுதான் நாங்க நெனச்சோம். ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனா ஈசிஜி எடுத்தாங்க, பல்ஸ் 130க்கு மேல. டியூட்டி டாக்டர் மாத்திரை சீட்ட பாத்துட்டு உடனே தியோஃபிலின நிறுத்த சொல்லி ரத்தத்துல அதோட லெவல் பாக்க அனுப்பினாரு. 27ன்னு வந்துச்சு, 20 தாண்டக் கூடாதாம்.

மாத்திரை கூடுதலா போட்டாரான்னு என்னையே திரும்பத் திரும்ப கேட்டாங்க. இல்லவே இல்ல, அட்டைய எண்ணிப் பாத்துட்டேன், கணக்கு சரியா இருக்கு. டாக்டர் "வைரல் ஃபீவர்ல இப்படி ஆகும்பா"ன்னு ஒரே வரில சொல்லிட்டு அடுத்த பெட்டுக்கு போயிட்டாரு. இப்ப அப்பா நல்லா இருக்காரு, வீட்டுக்கும் வந்தாச்சு. ஆனா எனக்குதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, அதே மாத்திரை, அதே அளவு, வைரஸ் வந்தா மட்டும் எப்படி ரத்தத்துல ஏறும்? காய்ச்சல் ஒன்னும் மஞ்சக்காமாலை இல்லையே, லிவர் டெஸ்ட் எல்லாம் நார்மல்தான்.

பார்மா_அக்கா:

தம்பி, அப்பா தேறிட்டாருன்னு கேக்க சந்தோஷம். நான் கிளினிக்கல் பார்மசில வேலை பாக்கறவ. பதில் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சொல்லுங்க. காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் ஏதும் குடுத்தாங்களா, குறிப்பா சிப்ரோஃப்ளாக்சாசின்? ரெண்டாவது, அப்பா பீடி சிகரெட் புடிக்கறவரா?

பூட்டு_ஊர்க்காரன்:

அக்கா, காய்ச்சலுக்கு டோலோவும் அஸித்ரோமைசினும் மட்டும்தான், சிப்ரோ இல்ல, பில்ல எடுத்து வச்சு பாத்துட்டுதான் சொல்றேன். பீடி... அத ஏன் கேக்கறீங்க, டாக்டருங்க எத்தனயோ தடவ திட்டியும் விடல, ஒரு நாளைக்கு ஒரு கட்டு. ஆனா காய்ச்சல் வந்ததுலருந்து இருமல் தாங்காம தொடவே இல்ல, எங்கம்மா மாரியாத்தாவுக்கு நேர்ந்துக்காத கொறதான்.

பார்மா_அக்கா:

நெனச்சேன். அப்ப அப்பாவுக்கு ஒரே நேரத்துல ரெண்டு அடி விழுந்திருக்கு. நீளமா எழுதப் போறேன், பொறுமையா படிங்க.

தியோஃபிலின் ஒடம்புக்குள்ள போனா பெரியவங்கள்ல சுமார் பத்துல ஒரு பங்குதான் அப்படியே யூரின்ல போகும், மிச்சம் எல்லாத்தையும் லிவர்தான் ஒடைச்சு வெளிய தள்ளணும். அந்த வேலைய பெரும்பாலும் செய்யறது சிஒய்பி1ஏ2ங்கற ஒரு என்சைம். சைட்டோகுரோம் பி450னு ஒரு பெரிய என்சைம் குடும்பம் இருக்கு, நாம முழுங்கற மாத்திரைல பாதிக்கும் மேல அந்த குடும்பத்து கையிலதான் கரையுது, அதுல ஒண்ணு இது. இப்ப வைரஸ் ஒடம்புக்குள்ள வந்ததும் எதிர்ப்பு சக்தி அணுக்கள் இன்டர்ஃபெரான், இன்டர்லூக்கின் 6, டிஎன்எஃப்னு சில சிக்னல் புரதங்கள ரத்தத்துல விடும். காய்ச்சல், ஒடம்பு வலி எல்லாம் வர்றதே இதுங்களாலதான். இந்த சிக்னல் லிவருக்கு போய் சேந்ததும் லிவர் செல் சிஆர்பி மாதிரி அவசர கால புரதங்கள உற்பத்தி பண்றதுக்கு திரும்பிடும், பி450 என்சைம்கள உண்டாக்கற ஜீன்களோட வேகத்த கொறைச்சுடும். பழைய என்சைம் தேய்ஞ்சுட்டே போகும், புதுசு வராது. அதனாலதான் காய்ச்சல் அடிச்ச மொத நாளே தெரியாம ரெண்டாவது மூணாவது நாள்ல பிரச்சனை தலைகாட்டுது. நீங்க லிவர் டெஸ்ட் நார்மல்னு சொன்னீங்கள்ல, அது இதுல ஒன்னும் காட்டாது, ஏன்னா எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடிலாம் லிவர் செல் அடிபட்டு ஒழுகுதான்னு பாக்கற டெஸ்ட், இங்க செல் அடிபடல, உற்பத்திய மட்டும்தான் மாத்திருக்கு.

ரெண்டாவது அடி பீடி. புகைல இருக்கற தார் வகை ரசாயனங்கள் இதே 1ஏ2 என்சைம தூண்டி விடும், நிகோட்டின் இல்ல, புகைதான். அதனால புகை புடிக்கறவங்களுக்கு தியோஃபிலின் சீக்கிரம் கரையும், மத்தவங்களுக்கு சுமார் எட்டு மணி நேரத்துல பாதியாகுதுன்னா இவங்களுக்கு நாலஞ்சு மணி நேரத்துலயே பாதியாகிடும். அப்பாவோட டோஸ் பீடி புடிக்கற ஒடம்புக்கு செட் ஆன டோஸ். பீடிய திடீர்னு விட்டதும் தூண்டுதல் சில நாள்லயே எறங்கிடும். ஓவர்ஹெட் டேங்க்குல மோட்டார் அதே வேகத்துல தண்ணி ஏத்திட்டே இருக்கு, கீழ ரெண்டு குழாய யாரோ அடைச்சிட்டாங்க, அவ்வளவுதான் கதை. பீடி விட்டது நல்லதுதான், தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா தியோஃபிலின் போடறவங்க புகைய நிறுத்தினா டோஸ கொறைக்கணும்னு சொல்லணும், எத்தன பேர் சொல்றாங்கங்கறதுதான் கேள்வி.

தியோஃபிலின்ல மருந்தா வேலை செய்யற அளவுக்கும் நஞ்சாகற அளவுக்கும் இடைவெளி வேற ரொம்ப குறுகல். பழைய கணக்குப்படி ரத்தத்துல மில்லிக்கு 10லருந்து 20 மைக்ரோகிராம் வரைக்கும் மருந்து, அதுக்கு மேல வாந்தி, நடுக்கம், படபடப்பு, இன்னும் ஏறுனா வலிப்பு, இதயத் துடிப்பு கோளாறு. இப்ப பல டாக்டருங்க 5லருந்து 15ன்னு இன்னும் கீழதான் வச்சுக்கறாங்க. பாராசிட்டமால் மாதிரி தாராளமான மருந்தா இருந்தா இந்த ஏத்தம் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

கோவை_காத்து:

அக்கா சூப்பர் விளக்கம். ஆனா இது யாருக்கோ எப்பவோ நடக்கற அபூர்வ கேஸா, இல்ல ஆய்வு ஏதாவது இருக்கா? ஏன்னா எங்க டாக்டர் யாரும் இத பத்தி பேசி நான் கேட்டதே இல்ல, கோவிட் டைம்லயும் யாரும் சொல்லல.

பார்மா_அக்கா:

பழைய விஷயம்ங்க இது. 1976லயே இன்டர்ஃபெரான தூண்டற பொருட்கள எலிக்கு குடுத்தா பி450 கொறையுதுன்னு பாத்துட்டாங்க. 1978ல லான்செட் இதழ்ல, ஆஸ்துமா குழந்தைங்களுக்கு வைரஸ் சளி காய்ச்சல் வர்றப்ப தியோஃபிலின் ஒடம்ப விட்டு போக அதிக நேரம் எடுக்குதுன்னு எழுதினாங்க. அப்புறம் 1980ல அமெரிக்காவுல சியாட்டில் இருக்கற கிங் கவுண்டில இன்ஃப்ளூயன்சா பி பரவுனப்போ, அதுவரைக்கும் அதே டோஸ்ல ஒழுங்கா இருந்த 11 குழந்தைங்களுக்கு தியோஃபிலின் நஞ்சாச்சு. பூட்டு ஊர் தம்பியோட அப்பா கதையேதான், என்ன அங்க பீடி கிடையாது. இப்ப அங்க தியோஃபிலின் லேபிள்லயே எழுதி இருக்கு, 102 டிகிரி காய்ச்சல் ஒரு நாளுக்கு மேல இருந்தாலோ, அதவிட கம்மியா நாள்கணக்குல நீடிச்சாலோ மருந்து வெளியேறுறது கொறையும், கவனம்னு. நம்ம ஊர்ல மாத்திரைய அட்டைல கத்திரியால வெட்டி பேப்பர் கவர்ல போட்டு குடுக்கறாங்க, உள்ள இருக்கற துண்டு சீட்டு கடைலயே நின்னுடுது.

கோவிட்ல பேசலன்னு சொன்னீங்க, பேசினாங்க. எனக்கு ரொம்ப புடிச்ச ஆய்வு ஜெனீவால நடந்தது. கோவிட்ல அட்மிட் ஆன 28 பேருக்கு, கஃபைன், ஒமிப்ரசோல் மாதிரி ஆறு மருந்த துளித்துளியா ஒரே வேளைல குடுத்து, ஒவ்வொரு என்சைமும் எவ்வளவு வேகமா வேலை செய்யுதுன்னு அளந்தாங்க, நோய் தீந்து சில மாசம் கழிச்சு அதே ஆளுங்களையே திரும்ப கூப்ட்டு அளந்தாங்க. நோய் நேரத்துல 1ஏ2 கிட்டத்தட்ட பாதி, அதே பி450 குடும்பத்துல 2சி19 முக்கால்வாசி, 3ஏ கால்வாசிக்கு கொஞ்சம் கம்மியா எறங்கி இருந்துச்சு. வேடிக்கை என்னன்னா 2சி9ம் 2பி6ம் எறங்கறதுக்கு பதிலா ஏறி இருந்துச்சு. அதனால வைரஸ் வந்தா எல்லா மருந்தும் தேங்கும்னு பொத்தாம்பொதுவா சொல்லவே கூடாது, எந்த மருந்து எந்த என்சைம்னு பாக்கணும்.

இன்னொரு ஆதாரம் தலைகீழா கெடைச்சுது. முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப்னு ஒரு ஊசி, இன்டர்லூக்கின் 6 சிக்னல தடுக்கும். அத போட்டு ஒரு வாரத்துல அந்த நோயாளிங்க ரத்தத்துல கொலஸ்ட்ரால் மாத்திரை சிம்வாஸ்டாட்டின் அளவு 57 சதவீதம் கொறைஞ்சுது. சிக்னல அடைச்சதும் என்சைம் திரும்ப வேலைய ஆரம்பிச்சிடுச்சு பாருங்க.

மூலிகைப்பித்தன்:

இதுக்குதான் சொல்றோம் இங்கிலீஷ் மருந்தே வேணாம்னு. காய்ச்சல்னா நிலவேம்பு கஷாயம், இருமலுக்கு ஆடாதொடை, மூணே நாள். லிவரும் சுத்தமாகும். வாழ்நாள் பூரா மாத்திரை முழுங்குனா இப்படிதான்.

பார்மா_அக்கா:

சார், சிஓபிடிக்காரருக்கு மூச்சு திணறும்போது ஆடாதொடைய நம்பி உக்கார முடியாது. அதோட நிலவேம்பும் அதே லிவர் வழியாதான் போகணும், எலிகளுக்கு நிலவேம்பு சாறு குடுத்து பாத்ததுல இதே தியோஃபிலின் ஒடம்புல தங்கற விதம் மாறியிருக்கு. மனுஷங்கள்ல எவ்வளவுன்னு அத வச்சு சொல்லிட முடியாது, ஆனா தியோஃபிலின் போடறவரு காய்ச்சல் நேரத்துல டம்ளர் டம்ளரா கஷாயம் குடிச்சா அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும். மூலிகைன்னா கணக்குல வராதுன்னு நெனைக்கறதுதான் எனக்கு பயம்.

தம்பிக்கு_அண்ணன்:

இந்த திரிய முந்தியே பாத்திருக்கலாம். என் தம்பிக்கு ஸ்கீசோஃப்ரீனியா, க்ளோசபின் போடறான். போன வருஷம் கோவிட் வந்து வீட்லயே தனியா படுத்திருந்தான். காய்ச்சல் அசதின்னு விட்டுட்டோம், ஆனா அது சாதா அசதி இல்ல, எழுப்பி உக்கார வச்சா சாயறான், தலையணை நனையற அளவுக்கு எச்சில் வடியுது, பாத்ரூம் போறப்ப குடிகாரன் மாதிரி தள்ளாடுறான். அவனோட சைக்கியாட்ரிஸ்டுக்கு போன் போட்டேன், அவரு கேட்ட மொத கேள்வியே "காய்ச்சல் இருக்கா, சிகரெட் நிறுத்திட்டானா". ரெண்டுக்கும் ஆமா. உடனே டோஸ பாதியாக்க சொன்னாரு, ரத்தத்துல வெள்ளையணு எண்ணிக்கை பாக்க சொன்னாரு, காய்ச்சல் விட்டு மூணு நாள் கழிச்சு கொஞ்சம் கொஞ்சமா பழைய டோஸுக்கு ஏத்தலாம்னாரு. அப்படியேதான் பண்ணோம். இதுவும் அதே என்சைமாக்கா?

பார்மா_அக்கா:

அதேதான், க்ளோசபினும் முக்கியமா 1ஏ2 வழியாத்தான் போகும். உங்க டாக்டர் சரியா புடிச்சிருக்காரு. 2020ல கோவிட் ஆரம்பிச்சப்பவே பல நாட்டு சைக்கியாட்ரிஸ்டுங்க சேந்து க்ளோசபினுக்குன்னு ஒரு பொதுவான வழிகாட்டுதல் வெளியிட்டாங்க, காய்ச்சலும் ஃப்ளூ மாதிரி அறிகுறியும் வந்தா டாக்டர் டோஸ பாதி வரைக்கும் கொறைக்கலாம், காய்ச்சல் விட்டு மூணு நாள் வரைக்கும் அப்படியே வச்சு பிறகு படிப்படியா ஏத்தலாம்னு. வெள்ளையணு பாக்க சொன்னதுக்கு காரணம் வேற, க்ளோசபினே வெள்ளையணுவ கொறைக்கற மருந்து, காய்ச்சல் அதனால வந்ததான்னு சந்தேகத்த தீத்துக்கணும்.

இதுல ஒரு சிக்கல் உண்டு. தொற்று நேரத்துல ரத்தத்துல ஆல்ஃபா 1 ஆசிட் கிளைகோபுரதம்னு ஒண்ணு ஏறும், அது க்ளோசபின புடிச்சு வச்சுக்கும். அதனால லேப்ல மொத்த லெவல் ரொம்ப ஏறி தெரிஞ்சாலும் மூளைக்கு போற அளவு அதே விகிதத்துல ஏறி இருக்காது. நம்பர மட்டும் பாத்து பயந்து மாத்திரைய அடியோட நிறுத்துனா நோய் திரும்பிடும், நம்பரோட ஆளையும் பாக்கணும், உங்க தம்பிக்கு தள்ளாட்டமும் எச்சிலும் இருந்ததால சந்தேகமே இல்ல. ரெண்டு நாளுக்கு மேல க்ளோசபின முழுசா விட்டுட்டா திரும்ப பழைய டோஸ்லயே ஆரம்பிக்கவும் கூடாது, அடிமட்டத்துலருந்து ஏத்தணும். அதனால வீட்ல நாமளா எதையும் நிறுத்தக் கூடாது, போன போடுங்க.

வால்வு_மாத்துனவன்:

எனக்கு இதயத்துல மைட்ரல் வால்வு மாத்தி இருக்கு, ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் போடறேன். ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டற அளவு) எப்பவும் ரெண்டரை மூணுன்னு நிக்கும். ஒரு தடவ வைரல் ஃபீவர் முடிஞ்சு பல் விளக்கறேன், பேஸ்ட் நுரை பூரா செவப்பு. போய் பாத்தா 6 சொச்சம். அப்ப இதுவும் லிவர் என்சைம் கொறைஞ்சதுதானா?

பார்மா_அக்கா:

இங்க கதை வேறங்க, அதுக்காகத்தான் மேல 2சி9 ஏறுச்சுன்னு சொன்னேன். அசிட்ரோம், வார்ஃபரின் ரெண்டும் பெரும்பாலும் 2சி9 வழியா போறது, வைரஸ் நேரத்துல அது தேங்கணும்னு அவசியம் இல்ல. ஆனா ஐஎன்ஆர் ஏற வேற வழிகள் இருக்கு. காய்ச்சல்ல ரத்தம் உறைய வைக்கற காரணிகள் வேகமா அழியும். வாய் கசந்து கஞ்சி, ரொட்டி, இளநின்னு ஓட்டறோம், கீரை காய்கறி உள்ள போகாததால வைட்டமின் கே கொறையும். அப்புறம் பாராசிட்டமால், ஒண்ணு ரெண்டு போட்டா ஒன்னும் இல்ல, ஆனா நாள்கணக்குல வேளாவேளைக்கு 650 போட்டா அதுவும் ஐஎன்ஆர ஏத்தும். மேல ஆன்டிபயாடிக் வேற குடுத்துட்டா கேக்கவே வேணாம். அதுக்காக பாராசிட்டமால் வேணாம்னு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் பக்கம் போயிடாதீங்க, அசிட்ரோம் போடறவங்களுக்கு அது நேரா வயித்துல ரத்தக்கசிவு, டெங்குவா இருந்தா இன்னும் மோசம். காய்ச்சல் வந்த மூணாவது நாலாவது நாள்ல ஒரு ஐஎன்ஆர், விட்ட பிறகு இன்னொண்ணு பாத்துடுங்க.

கோவை_காத்து:

அப்ப காய்ச்சல் வந்தா எல்லாரும் பயப்படணுமா? எங்க வீட்ல அம்மாவுக்கு பிபி மாத்திரை, சுகர் மாத்திரை, மாமாவுக்கு மூச்சுக்கு டெரிஃபிலின். ஃப்ளூ ஊசி போட்டா கூட இப்படி ஆகுமா?

பார்மா_அக்கா:

எல்லாரும் பயப்பட ஒன்னும் இல்ல. லேசான சளிக்கு பெரும்பாலும் ஒன்னும் ஆகாது, காய்ச்சல் எவ்வளவு கடுமையோ, சிஆர்பி எவ்வளவு ஏறுதோ அவ்வளவுக்கு என்சைம் எறங்கும். கவனிக்க வேண்டியது இடைவெளி குறுகலான மருந்துகள்ல: தியோஃபிலின், க்ளோசபின், கிட்னி மாத்துனவங்க போடற டாக்ரோலிமஸ், அசிட்ரோம். டாக்ரோலிமஸ்ல வயித்துப்போக்கு வந்தா தனி ஆபத்து, குடல் சுவர்லயும் இந்த 3ஏ என்சைம் இருக்கு, அது அரிச்சு போச்சுன்னா முழுங்குன மருந்து கூடுதலா உள்ள போயிடும். பேதியாகுதே, மருந்தும் வெளிய போயிடும்னு யாராவது சொல்லி ஒரு மாத்திரை எக்ஸ்ட்ரா போட வச்சுடுவாங்க, கேக்காதீங்க.

அம்மாவோட சுகர் மாத்திரை மெட்ஃபார்மினா இருந்தா அது லிவர்ல ஒடையறதே இல்ல, கிட்னி வழியா அப்படியே போகும். அங்க பயம் என்சைம் இல்ல, வாந்தி பேதில நீர் வத்திப் போறது. சாப்பாடு தண்ணி எறங்காத நிலைமைல மெட்ஃபார்மின், ராமிப்ரில் மாதிரி பிபி மாத்திரைய தற்காலிகமா நிறுத்தணுமான்னு டாக்டர கேளுங்க, இன்சுலினா இருந்தா நீங்களா நிறுத்தவே கூடாது.

மாமாவோடது டெரிஃபிலின் ரிட்டார்ட் 300ன்னா அதுல தியோஃபிலின் 69 மி.கி. தான், மிச்சம் எட்டோஃபிலின். அதனால பூட்டு ஊர் அப்பா அளவுக்கு ஏறாது, ஆனாலும் படபடப்பு, வாந்தின்னா சொல்லுங்க. ஃப்ளூ ஊசில 1980 வாக்குல தியோஃபிலின் ஏறுதுன்னு ஒரு ஆய்வு வந்துச்சு, பின்னாடி வந்த பலதுல அப்படி பெருசா தெரியல. சிஓபிடிக்காரங்க கட்டாயம் போடணும், நிஜ ஃப்ளூ வந்தா நடக்கறத இந்த திரில பாத்தாச்சே.

காபியும் இதே 1ஏ2தான். காய்ச்சல்ல வழக்கமான மூணு டம்ளர் ஃபில்டர் காபியே நெஞ்ச படபடக்க வச்சு தூக்கத்த கெடுக்கும், தியோஃபிலினோட சேந்தா இன்னும். சுக்கு காப்பி குடுங்க, அதுல காபித்தூளே கெடையாது.

பூட்டு_ஊர்க்காரன்:

அக்கா ரொம்ப நன்றி, டாக்டர் ஒரு வரில முடிச்சத இப்பதான் முழுசா புரிஞ்சுக்கிட்டேன். இன்னைக்கு நுரையீரல் டாக்டர்கிட்ட ரிவ்யூ போனோம். அவரு தியோஃபிலின இப்ப திரும்ப ஆரம்பிக்க வேணாம், இன்ஹேலர மாத்தி எழுதறேன், அதுலயே ஓட்டலாம்னு சொல்லிட்டாரு. என்சைம் பழையபடி வர எவ்வளவு நாள் ஆகும்?

பார்மா_அக்கா:

காய்ச்சல் விட்ட அன்னைக்கே வராது, புது என்சைம் உற்பத்தி ஆகணும், ஒரு வாரம் பத்து நாள் வச்சுக்கோங்க, கடுமையான தொற்றுன்னா இன்னும் தள்ளும். இன்ஹேலர் மட்டும்னா இன்னும் நல்லது, சிஓபிடிக்கு தியோஃபிலின் இப்பல்லாம் முன்வரிசை மருந்து இல்ல. அப்பா பைல ஒரு சீட்டுல "தியோஃபிலின் லெவல் 27, காய்ச்சலின்போது"ன்னு தேதியோட எழுதி வச்சுடுங்க, அடுத்து எந்த டாக்டர்கிட்ட போனாலும் உதவும்.

பூட்டு_ஊர்க்காரன்:

எழுதி வச்சுட்டேன் அக்கா. ஒரு சின்ன பிரச்சனை, நீங்க எழுதுனத எல்லாம் அப்பாவுக்கு சத்தமா படிச்சு காட்டிட்டேன். "பீடி குடிச்சா மருந்து சீக்கிரம் கரைஞ்சிடுமாம்ல, அப்ப ஒன்னு ரெண்டு குடிக்கறது பாதுகாப்புதானே"ன்னு கேக்கறாரு.

பார்மா_அக்கா:

மாத்திரையதான் நிறுத்தியாச்சே, கரைக்க என்ன இருக்குன்னு கேளுங்க அவர.